ஒரு சாண் கூடுதல்

பழைய ரவிக்கையின் கை ஒரு சாண் கூடுதலாக இருந்தது. தோளில் சுருக்கு வைத்து உப்பலாக இறங்கி, முழங்கைக்குக் கீழே ஒட்டப் பிடித்து மணிக்கட்டில் முடிந்திருக்க வேண்டியது, விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. இரண்டு கையும் அப்படித்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நூறு வருஷத்துக்கு முந்திய தையல்காரனைக் குறை சொல்ல சத்தியப்பிரியாவுக்கு மனம் வரவில்லை. அப்போது அப்படி ஒரு மோஸ்தர் இருந்திருக்கும் என்று அளவெடுத்துக்கொண்டாள். கைமுனையைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஊசித்துளைகள் இருந்தன. லேஸ் வைத்த தடமாக்கும் என்று நினைத்தாள்.

பள்ளத்தூரில் அந்தப் பெரிய வீட்டை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க, இற்றுப்போன அந்த ரவிக்கையைப் போலவே இன்னொன்று வேண்டும். மெஷின் படாமல், முழுக்கக் கைத்தையல். வீட்டுக்கார தேனம்மை ஆச்சி இன்றைக்கு வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் மேலும் வேலை வரும், காரைக்குடியில் சொந்தக் கடை போடலாம். பிடிக்காவிட்டால் தையல் மெஷின் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடும் என்று புருஷன் முத்தரசு தீர்த்துச் சொல்லியிருந்தான். பொம்பளையின் கை சும்மா இருந்தால்தான் குடும்பம் நிலைக்குமாம். சொன்னவன் தன் சட்டைக்கு ஒரு பித்தான் வைக்கத் தெரியாதவன்.

மத்தியானத்திலேயே மழை இருட்டிவிட்டது. வேலையாட்கள் யாரும் வரவில்லை. வீட்டின் மூன்றாம் கட்டில் அவள் தைக்கிற அறையில் ஈரச் சுண்ணாம்பும் அந்துருண்டையும் பழைய தேக்கும் கலந்த வாசனை நின்றது. முற்றத்தில் தகரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தத்துக்கு அடியில், வேறு ஏதோ ஒன்று, துணியை நகத்தால் பிறாண்டுவது போல, விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. எலி என்று எண்ணிக்கொண்டாள். கடைசி லேஸையும் வைத்து முடித்து, ஊசி குத்திய வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது லேஸ் தரையில் கிடந்தது. புது ரவிக்கையின் வலது கைமுனை மூடித் தைக்கப்பட்டிருந்தது.

அவசரத்தில் தானே இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருப்போமோ என்று நினைத்தாள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே. பிளேடால் பிரித்தாள். நூல் கோக்க விளக்குப் பக்கம் திரும்பினாள். நூல் நுழைந்தது. இந்தப் பக்கம் பார்த்தாள். இப்போது இரண்டு கையும் மூடியிருந்தன.

அவள் பழைய ரவிக்கையை எடுத்து விளக்கடியில் பிடித்தாள். முன்பக்கத்துத் துளையும் பின்பக்கத்துத் துளையும் ஒன்றுக்கு நேராக ஒன்று இருந்தன. ஊசி இரண்டையும் சேர்த்துத்தான் குத்தியிருக்கிறது. உட்புறத்தைத் திருப்பினாள். விரல் நுனி வருகிற இடத்தில் மட்டும் துணி பஞ்சாகத் தேய்ந்து, கோடு கோடாகக் கிழிந்திருந்தது.

வெளியே கார் நின்றது. தேனம்மை ஆச்சி குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். மூடிக் கிடந்த புதுக் கைகளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"சரியா வச்சிருக்கியே ஆத்தா."

"இது நான் வச்சதில்ல ஆச்சி. பழச யாரு போட்டிருந்தாக?"

"இந்த வீட்டுக்கு வந்த பொண்ணு. கை சும்மாவே இருக்காதாம். எழுதுமாம், தைக்குமாம், ராத்திரில கதவத் தொறக்குமாம். பெரியவுக தைச்சு விட்டுட்டாக."

"எம்புட்டு நாளைக்கு?"

ஆச்சி மழையைப் பார்த்தார். "இருந்தபடிக்கே வேணும்னுதானே பேசுனோம். அது மூடியே இருக்கட்டும். அப்படிக் குடுத்தா வேலை எல்லாம் ஒனக்குத்தான்."

சத்தியாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. "தொறந்துதான் தருவேன் ஆச்சி. வாங்குனா வாங்குங்க, இல்லாட்டி விடுங்க."

"முகப்புல இருக்கேன். யோசிச்சு, பிரிக்காம அப்படியே எடுத்துட்டு வா," என்று ஆச்சி போய்விட்டார்.

போன் அடித்தது. முத்தரசு. "முடிஞ்சுதா இல்லையா? மெஷினத் தூக்க வண்டி வந்து நிக்கிது." அவள் போனை அணைத்தாள்.

இரண்டு கைமுனையையும் பிரித்தாள். புது ரவிக்கையைச் சுடிதாருக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். சின்னக் கத்தரியை வலது உள்ளங்கையில் இறுக்கி, அந்த நீளக் கைக்குள் மறைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"இப்பத் தையி, பாப்போம்."

விளக்கு தணிந்தது. மழை நின்றது போல் இருந்தது. பிறாண்டல் சத்தமும் நின்றது.

விரல் நுனிக்கு அப்பால் ஏதோ குளிர்ந்தது. ஊசி. நூல் இழுபடும் சத்தம். மறுபடி ஊசி. அறையில் யாரும் இல்லை. துணி சுருங்கி விரல்களை மடக்கியது. இடது பக்கமும் தொடங்கிற்று.

உள்ளே இருட்டு. சூடு. மூச்சு முட்டியது, கைக்கே மூச்சு முட்டுவது போல. கத்தரியைத் திறந்தாள். வெட்டினாள். தையல் மறுபடி மூடியது. மறுபடி வெட்டினாள். விரல்களுக்கு நடுவே வேறு விரல்கள் நுழைந்தன. கத்தரியைக் கேட்டன.

கொடுத்தாள்.

துணி ஒரே வெட்டில் பிளந்தது. கத்தரியோடு கை வெளியே வந்தது. கட்டைவிரலில் பிளாஸ்திரி இல்லை. எந்த விரலிலும் நகமே இல்லை. சதை வரைக்கும் தேய்ந்திருந்தது. அவளுடைய கை இன்னும் உள்ளேதான் இருந்தது. வெறுமையாக, இருட்டில், ஏதோ ஒன்றின் பக்கத்தில்.

அவள் இடது பக்கத்தை நீட்டிக் கொடுத்தாள். கத்தரி அதையும் பொறுமையாகப் பிரித்தது.

கூடத்தில் செருப்புச் சத்தம் நெருங்கியது. "மூடியே இருக்கா ஆத்தா?"

"வாங்க ஆச்சி," என்றாள் சத்தியா. "தொறந்தாச்சு."

நகமில்லாத இரண்டு கைகளும் வாசல் பக்கம் திரும்பின. ஒன்றில் கத்தரி இருந்தது. மற்றது தரையில் தடவித் தடவி ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டது.