மூன்று மணி வரை திறக்கக் கூடாது

அம்மாவின் லேப்டாப் மூன்றாவது முறையாக அணைந்தது.

"போச்சு," என்றான் தம்பி. வாயில் பென்சில் இருந்ததால் அது "ஓச்சு" என்று கேட்டது. பென்சில்களைக் கொறித்துக் கொறித்தே அவனுக்கு வீட்டில் எலி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது அம்மா. அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

லேப்டாப் அம்மா பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துடையது. நாளைக் காலை அப்பா அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் அம்மா வீட்டிலிருந்தே பதிவு செய்த பாடங்களைப் பென்டிரைவில் எடுத்துவிட வேண்டும். ஆனால் அதன் அடாப்டர் ஆஸ்பத்திரியில் எங்கோ தொலைந்துவிட்டது. இப்போது மாட்டியிருப்பது சித்தி கொடுத்த சின்ன அடாப்டர்.

"அக்கா, எனக்கு அம்மா முகம் ஞாபகம் இருக்கு. குரல்தான் வர மாட்டேங்குது," என்றான் எலி.

அக்காவும் அந்தக் குரலை மனசுக்குள் தேடிப் பார்த்தாள்.

அப்பா கதவருகில் நின்றார். "விடும்மா. சின்ன அடாப்டர், தாங்காது," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். இப்போதெல்லாம் அவர் பேசுவதே அவ்வளவுதான்.

அக்கா லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் தொண்ணூறு வாட் என்று இருந்தது. அடாப்டரில் நாற்பத்தைந்து. வோல்ட் இரண்டிலும் ஒன்றுதான். அடாப்டரைத் தொட்டாள். நன்றாகச் சுட்டது.

"எலி, இது பாதிதான் கொடுக்குது. நாம திறந்தவுடனே லேப்டாப் எல்லாத்தையும் குடிச்சிடுது. பேட்டரிக்கு ஒண்ணும் மிஞ்சல."

"அப்ப என்ன பண்றது?"

"அணைச்சு மூடி வெச்சிடுவோம். மெதுவா நிறையட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி வரைக்கும்."

"இப்ப பத்துதான் ஆகுது."

"ஆமா."

"நீ ரொம்ப மோசம்க்கா."

அக்கா அடாப்டர் ஆறும்வரை காத்திருந்து, அதை வெறும் தரையில் வைத்து மாட்டினாள். பதினோரு மணிக்கு எலி மூடியின் மேல் விரல் வைத்தான்.

"டேய்."

"திறக்கல. சும்மா தொட்டேன்."

பதினொன்றேகாலுக்கும் சும்மாதான் தொட்டான். அதற்குப் பிறகு அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டான். மதியம் அப்பாவும் எழுந்து வந்து அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்குப் பொட்டு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு அக்கா திறந்தாள். பேட்டரி சீக்கிரம் தீராமல் இருக்கத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, பென்டிரைவைச் செருகினாள். "முதல்ல எடுத்துக்கலாம். அப்புறம் கேக்கலாம்."

பாடங்கள் பென்டிரைவுக்குப் போவதைக் காட்டும் நீலக் கோடு திரையில் நகர்ந்தது. எலி பென்சிலைக் கடித்தபடி பார்த்தான். கோடு கடைசிவரை போய்ச் சேர்ந்தது. லேப்டாப் அணையவில்லை.

"ஒண்ணு போடும்மா," என்றார் அப்பா.

"பிள்ளைங்களா, பின்னம்னு சொன்னாலே பயப்படாதீங்க," என்றது அம்மாவின் குரல். கொஞ்சம் கரகரப்பு. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு சின்னச் சிரிப்பு. "ஒரு ஆப்பிளை ரெண்டா வெட்டினா..."

குரல் நின்றது. பிறகு, பதிவின் நடுவே முகத்தைத் திருப்பிப் பேசியதுபோல், கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"எலி, பென்சிலை வாயிலேர்ந்து எடு. அம்மா பாக்கலைன்னு நெனைக்காதே."

எலி சட்டென்று பென்சிலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நேராக உட்கார்ந்தான்.

ஈரமான அந்தப் பென்சிலை அப்பா எடுத்து, பாடம் முடியும்வரை கையிலேயே வைத்திருந்தார்.