எண்பதைத் தாண்டினால்

காரின் பானெட் படபடக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது அவள்தான். தகர வேலையிலேயே தலை நரைத்தவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் காதுக்கு எட்டாதது பக்கத்தில் சாய்ந்து கிடந்த மனைவிக்கு எட்டியது. வண்டி எண்பதைத் தாண்டியதும் பானெட்டின் முன்நுனி லேசாக எழும்பி எழும்பி அமர்ந்தது. பெரிய சத்தமில்லை. ஜன்னல் திரைக்குள் மாட்டிக்கொண்ட பூச்சி சிறகடிப்பதுபோல ஒரு படபடப்பு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான், நின்றது. மறுபடி மிதித்தான், வந்தது.

"மெதுவாப் போங்க," என்றாள் அவள்.

அது அவள் வழக்கமாகச் சொல்வதுதான். நாற்பதில் போனாலும் சொல்வாள், நின்றிருந்த வண்டியிலும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள் என்று அவன் அவள் தம்பியிடம் கேலி பேசுவான்.

பட்டறையில் அவனுக்கு டிங்கர் என்றே பெயர். நசுங்கி வந்ததைத் தட்டி நிமிர்த்துவது அவன் தொழில். மாமியார்கூட டிங்கர் மாப்பிள்ளை என்றுதான் சொல்லுவாள். வாரத்தில் மூன்று நாள் விடிவதற்கு முன்பே மனைவியை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, அவள் ரத்தத்தை இயந்திரம்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தது. அது முடியும்வரை அவன் வராந்தா பெஞ்சில் கழுத்து ஒடியத் தூங்குவான். திரும்பி வந்து அவளைப் படுக்க வைத்துவிட்டு, இருட்டும்வரை தகடு தட்டுவான். முழுத் தூக்கம் தூங்கி எவ்வளவு நாள் ஆயிற்று என்று யாராவது கேட்டால், கல்யாணத்துக்கு முந்தின நாள் தூங்கினது என்று சிரிப்பான். சிரிப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். வரவர அதுவும் தீர்ந்துகொண்டிருந்தது.

ஊசி போட வசதியாக அவள் இடது கையில், முழங்கை மடிப்புக்குக் கீழே, இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் சற்றுப் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே ரத்தம் பாய்வது விரலுக்குத் தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், துடிப்பு நின்றிருந்தால் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பல் தேய்ப்பதற்கு முன்பே அவன் செய்யும் வேலை அதுதான். இருட்டில் இரண்டு விரலை வைப்பான். "வண்டி ஓடுதா?" என்று அவள் தூக்கக் கலக்கத்தில் கேட்பாள். "ஜோரா ஓடுது" என்பான். அந்த வீட்டில் மிச்சமிருந்த சந்தோஷம் அவ்வளவுதான், அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பானெட்டுக்கு முதலில் ரப்பர் குமிழ்களை மாற்றினான். மூடி வந்து உட்காரும் இடத்தில் இருக்கும் அவை தேய்ந்து வழவழத்துப் போயிருந்தன. புதிதைத் திருகி, ஒரு நூல் அளவு உயர்த்தி வைத்தான். அடுத்த பயணத்தில் தொண்ணூறு வரை சத்தமில்லை. வேலை பாதி முடிந்தது என்று திருப்தியோடு தூங்கி எழுந்து அவள் கையைத் தொட்டபோது, துடிப்பு சற்று அடங்கியிருந்ததுபோல் இருந்தது. விரல்தான் மரத்துப்போயிருக்கிறது, சுத்தியல் பிடித்த கை, என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்து பூட்டைக் கழற்றினான். கொண்டி மாட்டும் தாழை இரண்டு சுற்று இறக்கி முடுக்கினான். இப்போது நூறு வரை சத்தமில்லை. அன்று ஆஸ்பத்திரியில் இயந்திரம் திரும்பத் திரும்பக் கூவியது. ரத்த ஓட்டம் குறைகிறது, அடுத்த வாரம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றாள் நர்ஸ். அவன் தலையாட்டினான். தலைக்கு மேலே வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று இருந்தது அவனுக்கு. ஆனால் பானெட் மட்டும் அவன் மனதை அரித்தது. அவள் கையை அவனால் சரிசெய்ய முடியாது. இதை முடியும்.

அவள் தம்பி அதே பட்டறையில் எலக்ட்ரீஷியன். ரோட்டில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை, பட்டறையில் அதற்கு ஒரு வழி உண்டு. மச்சானைக் கம்ப்ரஸர் குழாயைப் பிடிக்கச் சொல்லி, பானெட்டின் முன்விளிம்புக்கு அடியில் காற்றைப் பீய்ச்ச வைத்து, இவன் மேலே விரலை வைத்து எங்கே ஆடுகிறது என்று தடவிக்கொண்டே போனான். பெயின்ட் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்த அந்த மத்தியான வெக்கையில், தகட்டின் இடது பக்கத்தில், அவன் இரண்டு விரலும் தாமாக நின்றன. மேல் தகட்டுக்கும் உள்சட்டத்துக்கும் நடுவில் பசை விட்டுப்போயிருந்தது. அங்கேதான் தகடு துடித்தது. தட்டுத் தடுமாறி ஓடி, ஒரு கணம் நின்று, மறுபடி ஓடும் துடிப்பு. அந்தத் துடிப்பை அவன் விரல்கள் காலையில்தான் தொட்டுவிட்டு வந்திருந்தன.

கையை உதறிக்கொண்டான்.

"என்ன மாமா, ஷாக் அடிச்ச மாதிரி நிக்கிறீங்க?"

ஒன்றுமில்லை, தூக்கமில்லை, அவ்வளவுதான் என்றான். உண்மையும் அதுதான் என்று தனக்கும் சொல்லிக்கொண்டான். பயம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிடப் பெரியதாக அசதி இருந்தது. பசையைக் குழைத்து இடுக்கு முழுக்க நிரப்பி, பலகை வைத்து அழுத்தி, இருட்டும்வரை காயவிட்டான். பிறகு முழுக் காற்றையும் திறந்துவிடச் சொன்னான். தகடு கல்லுபோலக் கிடந்தது. சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்பது பட்டறை வேதம். கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் அலாரம் அடித்து ஓய்ந்த பிறகுதான் விழிப்பு வந்தது. அவசர அவசரமாக அவளை எழுப்பி, சால்வையைச் சுற்றி, வண்டியில் ஏற்றினான். கை கொஞ்சம் சில்லுனு இருக்கு என்றாள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான். விரல் வைத்துப் பார்க்கவில்லை. இத்தனை மாதத்தில் அந்த ஒரு காலைதான் பார்க்கவில்லை.

பனி விலகாத நெடுஞ்சாலை. கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. எண்பது. தொண்ணூறு. நூறு. டயர் உரசும் இரைச்சலும், கதவுச் சந்தில் நுழையும் காற்றின் விசிலும், டாஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு திருகு உருளும் சத்தமும் ஒவ்வொன்றாகத் தெளிவாகக் கேட்டன. இத்தனை நாள் அந்தப் படபடப்பு எதையெல்லாம் மூடி வைத்திருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

"பாத்தியா, நின்னுடுச்சு," என்றான்.

அவள் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. தூங்குகிறாள். தூங்கட்டும். நூற்றுப்பத்து வந்தது. அவள் மெதுவாப் போங்க என்று சொல்லவில்லை. அவன் இன்னும் மிதித்தான். அவளைச் சொல்ல வைப்பதற்காகவே மிதித்தான். நூற்றிருபது. லாரி ஒன்றை உரசுவதுபோல் தாண்டினான். அவள் சொல்லவில்லை.

இடது கையை நீட்டினான். சால்வைக்குள் அவள் கையைத் தேடினான். புடைப்பு அகப்பட்டது. இரண்டு விரல் வைத்தான்.

ஒன்றுமில்லை.

வண்டியை ஓரம் கட்டினான். மறுபடி வைத்தான். அழுத்தி வைத்தான். மூக்கருகே புறங்கையைப் பிடித்தான். காற்று படவில்லை. கன்னம் குளிர்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அழ வேண்டும் என்று தோன்றியது. போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. இரண்டையும் செய்யாமல் டிக்கியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

யோசித்துச் செய்யவில்லை. விரல்களுக்கு நேற்றே தெரிந்திருந்தது. நேற்றே அவற்றைக் கேட்டிருக்க வேண்டும்.

பானெட்டைத் தூக்கினான். பசையைக் குத்திக் கிளறினான். நகம் பிய்ந்தது. ரப்பர் குமிழ்களைப் பிடுங்கிப் புதரில் எறிந்தான். பூட்டைக் கழற்றினான். மூடி பறந்துவிடாமல் பிடிக்க இரண்டாவதாக ஒரு சின்னக் கொக்கி உண்டு. அதை மட்டும் விட்டுவைத்தான். ஏறினான். மிதித்தான்.

அறுபது. எழுபது.

எண்பது.

பானெட் ஒரு விரல் அளவு எழும்பியது. அமர்ந்தது. எழும்பியது. படபடத்தது. அவன் பார்வையைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

துடித்தது.

ஜோராகத் துடித்தது. புடைப்புக்கு அடியில், பழைய மாதிரியே. அவன் வாய்விட்டு அழுதான். "ஓடுதும்மா, வண்டி ஓடுது," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். கை மட்டும் சில்லென்றே இருந்தது. அது சூடாகவில்லை.

ஆஸ்பத்திரி வளைவு வந்தது. சிவப்பு எழுத்து தெரிந்தது. வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் நின்றுகொண்டிருந்தார். அவன் பிரேக்கைத் தொட்டான். எழுபது. பானெட் அமர்ந்தது. விரலுக்கு அடியில் துடிப்பு தடுமாறியது. நின்றது. அவள் தலை தோளில் சரிந்தது. தாடை திறந்துகொண்டது.

மிதித்தான். வாசல் பின்னால் போயிற்று. ஸ்ட்ரெச்சர்காரர் திரும்பிப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்து மறைந்தது.

எண்பது. தொண்ணூறு. துடித்தது.

விடிந்துவிட்டது. சாலை நேராகக் கிடந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம் என்று நேற்று விட்டிருந்தான். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பானெட் இப்போது ஒரு சாண் எழும்பியது. அதன் விளிம்புக்கு மேலே எட்டித்தான் சாலையைப் பார்த்தான். கொக்கி ஒவ்வொரு முறையும் கிறீச்சிட்டது. தகரத்தில் அவனுக்குத் தெரியாதது இல்லை. அந்தக் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதும் தெரியும்.

கால் தானாகத் தளர்ந்தது.

அவள் கை அசைந்தது. குளிர்ந்த விரல்கள் அவன் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. சரிந்திருந்த தலை நிமிர்ந்தது. பாதி திறந்த கண் முன்னால் பார்த்தபடியே இருந்தது. பானெட் எழும்பும்போது வாய் திறந்தது, அமரும்போது மூடியது. திறந்தது, மூடியது.

"மெதுவாக்காதீங்க," என்றாள்.