அழைக்கும் முன்னே வந்தவள்

கணினித் திரையில், மூன்றாவது நிரலில் ஒரு கட்டம் மட்டும் நேரத்தைக் காட்டாமல் வேலியடைத்துக்கொண்டு நின்றது.

மற்றக் கட்டங்களில் ஒரு குழப்பமும் இல்லை. முதல் நிரலில், அறையில் இருப்பவர் மணியை அழுத்திய திகதியும் நேரமும். இரண்டாவதில், பணியாளர் அந்த அறைக்கு வந்து சேர்ந்த திகதியும் நேரமும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், அந்த மனிதர் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தார் என்பது மூன்றாவதில் வரும். நான்கு நிமிடம், ஏழு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. இருநூற்றுப் பதினாறாவது வரியில் மட்டும் # என்ற குறி, வேலிக்குத் தென்னங்கிடுகு அடுக்கியதுபோல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நெருக்கியடித்து நின்றது. கட்டம் ஒடுங்கிவிட்டதாக்கும் என்று யோகராணி மவுஸால் இழுத்து அகலமாக்கினாள். வேலியும் கூடவே அகலமானது.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் யோகராணி ஒன்பது வருடம் மாடிகளில் வேலை செய்தவள். தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி, இடுப்பு நாரி விட்டுப்போனதும் கீழே நிலவறைக் கந்தோரில் எழுத்துவேலைக்குக் கொண்டுவந்து இருத்திவிட்டார்கள். மேலே யாராவது மணியை அழுத்தினாலும், யாராவது வந்து சேர்ந்தாலும், கந்தோர் மூலையில் இருக்கும் சின்ன இயந்திரம் கிர்ரென்று ஒடுக்கமான தாளில் ஒரு வரி அடித்துத் தள்ளும். அந்தத் தாள் சுருள்களைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவதுதான் இப்போது அவளுடைய வேலை. நாளைக்குப் பரிசோதகர் வருகிறார் என்று மேலாளர் கத்தரின் மத்தியானமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"செப்டெம்பர் தொடங்கி இன்றுவரை எல்லாம் வேண்டும், யோகா. ஒருவரையும் காக்க வைக்கவில்லை என்று காட்டவேண்டும்," என்று பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்கு முழுப்பெயரும் வாயில் வராது.

நாலு மணியாகவில்லை, அதற்குள் வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. டிசம்பரில் மொன்றியலில் பகல் என்பது பேருக்குத்தான். நிலவறையின் ஒரேயொரு சன்னலை முக்கால்வாசி பனி மூடியிருந்தது. சூட்டுக் குழாய்கள் டக் டக்கென்றன. மேலேயிருந்து இரவுச் சாப்பாட்டு சூப்பின் மணம், கிருமிநாசினி மணத்தோடு கலந்து படியிறங்கி வந்தது.

நேரம் மறையாக, அதாவது பூச்சியத்துக்குக் கீழே வந்தால் எக்செல்லுக்குக் காட்டத் தெரியாது என்பதை யோகராணி இந்த இரண்டு மாதத்தில் படித்திருந்தாள். மறையாக வருவதென்றால், மணி அழுத்த முதலே ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி எங்கேயாவது நடக்குமா? அவள் அந்த வரியைக் கிட்டப்போய்ப் பார்த்தாள்.

செப்டெம்பர் 21. அறை 12. வந்து சேர்ந்தது பிற்பகல் 3:05. மணி அழுத்தியது 3:31. பணியாளர் இலக்கம் 17.

பதினேழு அவளுடைய இலக்கம்.

நடந்தது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு அறையிலும் கதவு நிலைக்குப் பக்கத்தில் ஒரு இலக்கப் பெட்டி உண்டு. உள்ளே போகும்போது அவரவர் இலக்கத்தை விரலால் அமத்தவேண்டும். வெளியே போகும்போது திரும்ப அமத்தவேண்டும். இலக்கத்தை அமத்தினால், ஆள் உள்ளே நிற்கிறது என்று பெட்டி எடுத்துக்கொள்ளும்; மணியை அழுத்தினாலும் அரை மணித்தியாலத்துக்கு அந்த அறைக் கதவுக்கு மேலுள்ள சிவப்பு விளக்கு எரியாது. மாடியில் வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தக் கள்ளம் தெரியும். கை ஓயாத நாட்களில் முன்கூட்டியே அமத்திவிட்டு ஐந்து நிமிடம் மூச்சு விடுவார்கள். செப்டெம்பர் இருபத்தோராம் திகதி, நாரி பிளந்துவிடும்போல நொந்த நாளில், யோகராணி வரிசையாகப் பத்து அறைக்கு வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டிப் பதினேழை அமத்திவிட்டு, துணி அலமாரி அறைக்குள் போய்த் தரையில் படுத்திருந்தாள். பன்னிரண்டாம் அறைக் கிழவர் மூச்சுத் திணறி மணியை அழுத்தியிருக்கிறார். விளக்கு எரியவில்லை. பேந்து இரவுச் சாப்பாடு கொண்டுபோன பணியாளன் ஹென்றிதான் அவர் செத்துக் கிடந்ததைக் கண்டது. தொண்ணூற்றொரு வயது என்று எல்லோரும் ஆறுதல்பட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அது இருநூற்றுப் பதினாறாவது வரியில் வேலிபோட்டுக்கொண்டு நிற்கிறது.

இரண்டு நேரத்தையும் இடம் மாற்றிப் போட்டால் போதும். நாளைக்கு வரும் பரிசோதகர் இருபத்தாறு நிமிடம் பிந்தின ஒரு அழைப்பு என்று மட்டும் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே மாற்றினாள். வேலி மறைந்து 0:26 என்று வந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு மவுஸின் சில்லைக் கீழே உருட்டினாள்.

கீழே இன்னொரு வேலி நின்றது.

ஒக்டோபர் 17. அறை 26. வந்து சேர்ந்தது 4:02, அழுத்தியது 4:21. அதற்கும் கீழே இன்னொன்று. நவம்பர் 13. அறை 9. வந்தது 4:10, அழுத்தியது 4:24.

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் மாற்றின குழப்பமாக்கும் என்று முதலில் நினைத்தாள். இந்த வருடம் மணி மாற்றும் திகதியையே மாற்றித் தொலைத்ததில் ஊரெல்லாம் மணிக்கூடுகள் மாறுபட்டுக் கிடந்தன. ஆனால் அப்படியென்றால் சரியாக ஒரு மணித்தியாலம் பிசகவேண்டும். இது பத்தொன்பது நிமிடம், பதினாலு நிமிடம். மூன்று வரியையும் தனியாக எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டாள். பணியாளர் இலக்கத்தை அப்போதுதான் பார்த்தாள்.

17. 17. 17.

ஒக்டோபரில் அவள் இந்தக் கதிரையில் இருந்தாள். நவம்பரிலும் இந்தக் கதிரையில்தான். அவளுடைய இலக்கத்தை இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பணியாளர் பட்டியலை வைத்திருப்பவளே அவள்தான். இருபத்தாறாம் அறை மனிசி செத்தது ஒக்டோபர் 17. ஒன்பதாம் அறைக்காரர் நவம்பர் 13. இரண்டு அறையையும் காலி என்று பதிந்ததும் அவளுடைய இதே கைகள்தான்.

வராத ஆளை வந்ததாகப் பதிந்தது அவள். பதிந்த அந்த இலக்கத்தில் இப்போது ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கிறது. கழித்து வந்த அந்த நிமிடங்கள் என்னவென்று அவளுக்கு மெல்ல விளங்கியது. அது வந்து பக்கத்தில் இருந்து, தங்களுக்குப் பக்கத்தில் இருப்பது என்னவென்று அந்த மனிதர்கள் கண்டுபிடித்து, மணியைத் தேடி அழுத்த எடுத்த நேரம் அது. இருபத்தாறு. பத்தொன்பது. பதினாலு. குறைந்துகொண்டு வருகிறது.

மூலையில் இயந்திரம் கிர்ரென்றது.

யோகராணி கதிரையை விட்டு எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே எட்டித் தாளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அறை 31. வந்து சேர்ந்தது 4:18. இலக்கம் 17. மணி அழுத்திய வரி இல்லை.

முப்பத்தோராம் அறை அல்போன்சம்மாவுடையது.

அந்தக் கட்டடம் முழுவதிலும் தமிழ் கதைக்கிற ஒரே சீவன் அல்போன்சம்மா. மட்டக்களப்பு மனிசி, எண்பத்திரண்டு வயது, மகன் குடும்பத்தோடு ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில். கால் வீங்கினதிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகாமல் அறையிலேயே கிடக்கிறாள். யோகராணி இடைவேளைக்குள் ஓடிப்போய்க் கட்டில் கரையில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு கதைத்துவிட்டு வருவாள். தன் தாய் செத்தபோதுகூட ஊருக்குப் போய் முகம் பார்க்கக் கிடைக்காதவளுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய காரியம். அல்போன்சம்மாவுக்கு ஒன்று நடந்தால் அதைத் தாங்க அவளால் முடியாது. அதுவும் தன்னால் நடந்தால்.

மூன்றாம் மாடித் தாதியர் மேசைக்கு அழைப்பு எடுத்தாள். அடித்தது, அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம். எல்லோரும் இரண்டாம் மாடி மண்டபத்தில். ஹென்றியின் கைத்தொலைபேசியும் அணைந்து கிடந்தது. 4:23. அறைக்கே எடுத்தாள்.

"ஆரு?" அல்போன்சம்மாவின் குரல்தான்.

"அம்மா, நான் யோகராணி. ரூமுக்குள்ள ஆராவது நிக்கினமே?"

மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு பேருடைய மூச்சு.

"யோகராணியா? யோகராணி இஞ்ச எனக்குப் பக்கத்தில இருக்காள். கையப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்காள். கைதான் ஐஸ் மாதிரிக் கிடக்கு. நீ ஆரு?"

"அம்மா! அது நானில்லை! கையை விடுங்கோ, மணியை..."

"ஆரு புள்ள இது, உன்ர குரல்ல கதைக்குது?" அல்போன்சம்மா அதைத் தொலைபேசிக்குள் கேட்கவில்லை. பக்கத்தில் கேட்டாள். பிறகு தொலைபேசியைக் கொழுவி வைக்கிற சத்தம்.

மின்தூக்கியைச் சாப்பாட்டு வண்டிகள் பிடித்து வைத்திருந்தன. யோகராணி படிக்கட்டில் ஏறினாள். முதல் மாடியிலேயே நாரி பிடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பற்றி, ஒரு கால், இன்னொரு கால். இரண்டாம் மாடியில் கரண்டிச் சத்தமும் பேச்சும் கதவுக்கு அப்பால் கேட்டன. கூப்பிட்டாள். குரல் மூச்சாகத்தான் வந்தது. கதவைத் திறந்து விளங்கப்படுத்த நேரமில்லை. என்னவென்று விளங்கப்படுத்துவது? போய்ப் பதினேழைத் திரும்ப அமத்தவேண்டும். உள்ளே வந்தவள் போய்விட்டாள் என்று பதியவேண்டும். அவள் பதிந்து வந்தது அவள் பதிந்தால் போகத்தான் வேண்டும். வேறு வழி ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் மாடி நடைக்கூடம் வெறுமையாகக் கிடந்தது. சுவர் மணிக்கூட்டில் 4:29. முப்பத்தொன்றின் கதவு அரைவாசி திறந்திருந்தது. மேலே சிவப்பு விளக்கு எரியவில்லை.

கட்டிலோரக் கதிரையில் ஒருத்தி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். மாடிப் பணியாளரின் நீலச் சட்டை. யோகராணி முடிகிற மாதிரியே முடிந்த கொண்டை. இரண்டு கையாலும் அல்போன்சம்மாவின் கையைப் பொத்திப் பிடித்திருந்தாள், யோகராணி பிடிக்கிற மாதிரியே. அறைக்குள் துணி அலமாரியின் மணம். கழுவின துணி. இருட்டு. வியர்வை.

"அம்மா," என்றாள் யோகராணி.

அல்போன்சம்மா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தது யோகராணியைத்தான். கிழவியின் முகம் பயத்தில் கோணிப்போனது. மற்றக் கையால் மணிக்குமிழைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். விளக்கு எரியவில்லை.

"வாசல்ல ஒண்டு நிக்குது மகள்! உன்ன மாதிரியே நிக்குது!"

யோகராணி ஒரு அடி உள்ளே வைத்தாள். அல்போன்சம்மா நடுங்கிக்கொண்டு கதிரைப் பக்கம் ஒதுங்கினாள். இன்னொரு அடி. கிழவி அந்த நீலச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். கிட்டப்போகப்போகக் கிழவியை யோகராணியே அதனிடம் தள்ளிவிடுகிறாள்.

"அம்மா, அண்டைக்கு நான் வரேல்லை. வராமலே வந்தனெண்டு அமத்தினனான். அதுதான் இது. என்னைப் பாருங்கோ அம்மா!"

கிழவி பார்க்கவில்லை.

யோகராணி கதவு நிலைக்குத் திரும்பி, இலக்கப் பெட்டிக்குக் கையை நீட்டினாள். விரல் வழுக்கியது. ஒன்று. ஏழு. பச்சைப் புள்ளி ஒருமுறை மின்னியது. பதினேழு போய்விட்டாள் என்று பெட்டி பதிந்துகொண்டது.

அறை அமைதியானது.

அல்போன்சம்மா மெதுவாக முகத்தை எடுத்து வாசலைப் பார்த்தாள். யோகராணி நின்ற இடத்தைப் பார்த்தாள். அவளுடைய கண்கள் யோகராணியின் முகத்தில் நிற்காமல், அவளுக்குப் பின்னால் இருந்த வெறும் நடைக்கூடத்துக்குப் போயின.

"போயிட்டாளா மகள்?"

யோகராணி கத்தினாள். தன் குரல் தன் காதுக்கே கேட்கவில்லை.

"ஓம் அம்மா," என்றது கதிரையில் இருந்தது, யோகராணியின் குரலில். "போயிட்டாள்."

அல்போன்சம்மா தலையணையில் சாய்ந்தாள். அந்த நீலச் சட்டை எழும்பி, போர்வையைக் கால்மாட்டிலிருந்து எடுத்து இடுப்புவரை இழுத்தது. நெஞ்சுவரை இழுத்தது. கிழவி அதைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். அது இன்னும் இழுத்து, முகத்தையும் மூடி, ஓரங்களை ஒவ்வொன்றாக மெத்தைக்குள் நன்றாகச் செருகியது.