வளையத்தின் பின்பக்கம்

கரண்ட் போனதும் ரேடியோ அமைதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பிழைக்கும் அவனுக்கு, தூரதேசத்து நிலையங்களைச் சிற்றலையில் பிடிப்பதுதான் ஒரே பைத்தியம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது லேசில் நடக்காது. மேல்வீட்டு டி.வி., கீழ்வீட்டு ஃபிரிட்ஜ், லிஃப்ட் மோட்டார் எல்லாம் சேர்ந்து ரேடியோவுக்குள் கொர்ரென்று இரையும். அதற்காகவே மரச்சட்டத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி, இடுப்புயரத்துக்கு ஒரு வளைய ஆன்டெனா கட்டியிருந்தான். அதன் முகத்தை எந்தச் சத்தத்துக்கு நேராகத் திருப்புகிறோமோ, அந்தச் சத்தம் அடங்கிவிடும்.

"துணி காயப்போட இன்னொரு ஸ்டாண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் மனைவி ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது, "பாப்பாவுக்கு ஜுரம் கொதிக்குது. ரேடியோ எங்கயும் ஓடிப்போகாது, அவளை அப்பப்ப தொட்டுப் பாருங்க" என்றாள்.

பாப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. நனைந்த சிமெண்ட்டின் வாடையும், அவன் சற்றுமுன் கம்பியில் பற்றவைத்த ஈயத்தின் புகைநெடியும் கூடத்தில் கலந்து நின்றன. சாயங்காலமே இருட்டிக் கிடந்த அந்த நேரத்தில் கட்டடம் முழுக்க விளக்கு அணைந்தது. அவனுக்குக் கொண்டாட்டம். பேட்டரியில் ஓடும் ரேடியோவில் இனி இரைச்சலே இருக்காது என்று ஆசையாகக் காதைக் கொடுத்தான்.

கேட்டது ஒரு பெண்குரல். மூச்சும் பேச்சும் பிரிக்க முடியாதபடி, ஒரு குழந்தையின் காதோரம் வாயை வைத்துப் பேசுகிற குரல்.

"எழுந்திரு கண்ணு. சத்தம் போடாம எழுந்திரு."

அவனுக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. யார் வீட்டிலோ குழந்தையின் அழுகையைக் கேட்க வைத்திருக்கும் கருவியாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வளையத்தை மெல்லத் திருப்பினான். அதன் முகம் ஜன்னலுக்கு நேராக வந்ததும் குரல் அடங்கியது. அப்படியானால் எதிர்க் கட்டடம். நல்லவேளை.

ஜன்னலோரம் போய் நின்றான். எதிரே, இதே மாடியில், இருண்ட பால்கனியில் யாரோ குனிந்து நிற்பது போலிருந்தது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். கண்ணாடியில் அவன் மூச்சே படிந்து மறைத்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். கொடியில் தொங்கும் ஈரத் துண்டு. இதற்கா இவ்வளவு நடுக்கம் என்று சிரிப்புக்கூட வந்தது. திரும்பி வந்து வளையத்தைக் கொஞ்சம் அசைத்தான்.

"அப்பா ஜன்னலையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. நீ வா."

வளையம் கட்டுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. எதிரே இருந்து வந்தாலும் அடங்கும். பின்னால் இருந்து வந்தாலும் அடங்கும். ஜன்னலுக்கு நேர் பின்னால், இத்தனை நேரம் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற பக்கத்தில், உள்ளறைக் கதவு.

பயந்தான். இருந்தும் போனான்.

கதவு திறந்திருந்தது. இருட்டு. கட்டில். போர்வைக்குள் ஒரு சின்ன உடம்பு.

அப்படியே வாரி எடுத்தான். இரண்டு கைகள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டன. கூடம். நாற்காலி காலில் இடித்தது. வாசல். தாழ்ப்பாள். வெளியே படிக்கட்டு. வந்துவிட்டான். குழந்தையோடு வந்துவிட்டான். "ஒண்ணுமில்லடா, அப்பா இருக்கேன்" என்று முதுகைத் தடவினான்.

கூடத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதில் பெண்குரல் இல்லை. அழுகை. அவனுக்கு நன்றாகத் தெரிந்த அழுகை.

"அப்பா... யாரைத் தூக்கிட்டுப் போறீங்க?"

அவன் நின்றான்.

கழுத்தில் பதிந்திருந்த கன்னத்தில் ஜுரமே இல்லை. சில்லென்று இருந்தது.

தோளில் சாய்ந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது.