ஒரு மணி அடித்து நின்றால்

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் போனை எடுத்து ஒரு வார்த்தை பேச வாய் வலிக்கிறது. படம் அனுப்புவார்கள், பொம்மை அனுப்புவார்கள், சிரிக்கிற மூஞ்சி அனுப்புவார்கள். இருக்கிறாயா செத்தாயா என்று கேட்டால் மட்டும் பதில் வராது. நான் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து டயர் கடை வைத்திருந்தவன். காற்று இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தட்டிப் பார்ப்பேன். படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன்.

என் தம்பி வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அவன் லாரி ஓட்டிய காலத்தில் ஆரம்பித்தது. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குப் போனில் ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடுவான். யாரும் எடுக்கக் கூடாது. ஒரு மணி என்றால் நலம். நிற்காமல் அடித்தால் ஏதோ கெட்டது, அப்போது எடு. லாரியை விட்டு இறங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் அது போகவில்லை. பெண்டாட்டி மார்க்கெட்டுக்குப் போனால் ஒரு மணி. மகள் வேலைக்குப் போனால் ஒரு மணி. அடிக்கிறது யார் விரல் என்று எவனாவது பார்த்தானா என்று நான் அன்றைக்கே கேட்டேன். என் பேச்சை அந்த வீட்டில் யார் மதித்தார்கள்.

மகளை வாண்டு என்று கூப்பிடுவோம். சின்னப் பிள்ளை இல்லை, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவள். அவளுக்கு ஒரு சிநேகிதி. தடிக் கண்ணாடி போட்டவள், அதனால் சோடாபுட்டி. இரண்டும் சேர்ந்து முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டில் கடலோரமாகவே வாடகை வேனில் போகப்போவதாகச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"சும்மாதான் பெரியப்பா, கடலைப் பாக்க."

கடல் என்ன, ஓடியா போகிறது.

தம்பி முடியாது என்றுவிட்டான். அவன் பெண்டாட்டிதான் வழிவிட்டாள். அவள் பள்ளிக்கூட யூனிஃபாரம் தைக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மாமனார் மாமியாருக்குச் செய்து, புருஷன் குணத்துக்கு வளைந்து, வாயைத் திறக்காமல் காலம் தள்ளியவள். அவள் முதல் தடவையாக எதிர்த்துச் சொன்னாள்.

"போயிட்டு வரட்டுங்க. நான்தான் அடுப்படிக்கு அந்தப் பக்கம் எதையும் பாக்கல."

சொன்னதோடு நிற்கவில்லை. கடையில் வாங்கினால் வார் அறுந்துவிடும் என்று முரட்டுத் துணி வாங்கி மகளுக்கு அவளே முதுகுப் பை தைத்தாள். வாருக்கு இரட்டைத் தையல்.

போன நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் ஒரு மணி அடிக்கும். அது அடித்த பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள். படங்கள் வருவது நின்றபோதுகூட அவள் கலங்கவில்லை. மணிதான் வருகிறதே. பிறகு ஒரு நாள் மணியும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த காலையில் நான் போனபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை.

"என்கிட்ட எதுக்கு வந்து நிக்கிற?" என்று தம்பி கத்திக்கொண்டிருந்தான். "பை தைச்சுக் கொடுத்தவ நீ. போய் அந்தத் தையல் மிஷின்கிட்ட கேளு, உன் மக எங்கன்னு."

"நானே அடிச்சுப் பாத்தேங்க... ஸ்விட்ச் ஆஃப்னு வருது..."

"ஊர் மேயுறவளுக்கு வேற என்ன வரும்?"

"உங்க பொண்ணுங்க அவ..."

"என் பொண்ணா இருந்தா என் பேச்சைக் கேட்டிருப்பா. அது உன் பொண்ணு."

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. மேல்தட்டில் கவிழ்த்திருந்த பெரிய பாத்திரத்தை நகர்த்தி, பின்னாலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்தாள். என்றைக்காவது அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும் என்று வாண்டு எடுத்துக் கொடுத்ததாம். புருஷனுக்குத் தெரியாமல் அங்கே ஒளிந்திருந்தது.

"மாமா, நீங்க வெளிநாட்டுல வேலை பாத்தவரு. கூட வர்றீங்களா, இல்ல நான் தனியா போகட்டுமா?"

"வாசப்படி தாண்டினா திரும்பி வராத" என்றான் தம்பி.

"அவ கிடைச்சா வருவேன். கிடைக்கலன்னா இங்க எனக்கு என்ன இருக்கு?"

நான் போனதற்குக் காரணம் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குச் சோடாபுட்டி மேல் சந்தேகம். அவள் போனும் அணைந்து கிடந்தது. நெருங்கின சிநேகிதம் என்கிறவர்கள்தான் நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள்.

அந்த நாட்டில் இறங்கிய இடத்திலேயே விசா கொடுத்தார்கள். அங்கிருந்து கடலோர பஸ். மகள் முன்பு அனுப்பிய படங்கள்தான் எங்களுக்கு வழி. படத்தில் இருக்கிற பாலம் வந்தால் இறங்குவோம், ஆட்களிடம் வாண்டு படத்தைக் காட்டுவோம், உதட்டைப் பிதுக்குவார்கள், ஏறுவோம். ஒரு பக்கம் பூராவும் கடல். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தும் அதைப் பார்க்கவில்லை. மறுபக்கம் எட்டிப் பள்ளத்தைப் பார்த்தாள், நிற்கிற வேன்களைப் பார்த்தாள். முதுகில் மூட்டையோடு ஒரு பெண் போனால் போதும், ஓடிப்போய்த் தோளைத் தொடுவாள். ஒருத்தி திரும்பி முறைத்தாள். இவள் அந்தப் பையின் வாரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தையல் வேற மாமா."

சாயங்காலம் ஆனால் போனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருட்டுகிற வரை எழுந்திருக்க மாட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, எதுக்கும் மனசைத் தேத்திக்க. உடம்புதான் கிடைக்கும்னு வச்சுக்க."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா மாமா?" என்றாள். பிறகு, "வராட்டி போகுது. பஸ் வந்துடுச்சு, ஏறுங்க" என்றாள்.

கடைசிப் படத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த ஒரு கலங்கரை விளக்கம். அது இருந்த ஊரில் பெட்ரோல் பங்குக்காரன் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தான். பாஷை தெரியாது. ஒரு கையை வேன் மாதிரி ஓட்டிக் காட்டினான். அப்படியே கவிழ்த்தான். அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் பதறி, மேட்டிலிருந்த ஒரு தங்கும் விடுதியைக் காட்டினான்.

விடுதிக்குப் பின்னால் குழாயடியில் அண்டா அண்டாவாகப் பாத்திரம். நடுவில் சோடாபுட்டி. ஆள் பாதியாகியிருந்தாள். ஒடிந்த கண்ணாடியை நூல் போட்டுக் கட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டு விழுந்தது.

"எங்கடி அவ?" என்று நான்தான் பாய்ந்தேன். "வித்துட்டியா, தள்ளிவிட்டுட்டியா?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "ஆன்ட்டி..." என்று கையைக் கூப்பினாள்.

"உசுரோட இருக்காளா?" என்றாள் தம்பி பெண்டாட்டி. "அத மட்டும் சொல்லு."

"இருக்கா ஆன்ட்டி."

பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. மழையில், வளைவில், வாண்டுதான் ஓட்டியிருக்கிறாள். வேன் பாறையில் உருண்டது. இவளுக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடுப்பும் இரண்டு காலும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போதே வாண்டு தன் போனை இவள் கையில் திணித்தாளாம்.

"அம்மாவுக்கு தினமும் ஒரு மணி அடிச்சுடு, சொல்லிடாதன்னு சத்தியம் வாங்கிட்டா ஆன்ட்டி... நான்தான் அடிச்சேன். அத்தனை நாளும் நான்தான். பக்கத்துலயே இருக்கணும்னு இங்க வேலைக்குச் சேந்தேன். அப்புறம் எனக்குக் காய்ச்சல்... எந்திரிக்க முடியல. ரெண்டு போனும் சார்ஜ் இல்லாம கிடந்திருக்கு. இன்னிக்குத்தான் எந்திரிச்சேன்..."

ஆஸ்பத்திரியில் வாண்டு இரண்டு காலிலும் கட்டோடு படுத்திருந்தாள். தலைக்கு அந்தப் பைதான் தலையணை. துவைத்தும் போகாத கறை அதில் இருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை.

"அம்மா..." என்றாள். "அப்பா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரும்மா. நீதான அனுப்பி வச்ச. எந்திரிச்சு நடந்ததும் சொல்லிக்கலாம்னு..."

"மணி அடிச்சுச்சுன்னு நான் நிம்மதியா தூங்கினேன்டி" என்றாள் அம்மாக்காரி. "நீ இங்க வலியில துடிச்சிருக்க. நான் அங்க சாப்பிட்டுட்டுத் தூங்கியிருக்கேன். எனக்குத் திட்டு விழக் கூடாதுன்னு, இப்படி ஒரு பாவத்தைப் பண்ண வச்சுட்டியே..."

கட்டிலில் குனிந்து மகள் முகத்தோடு முகம் வைத்து அவள் அழுததைப் பார்த்து நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டாள். சோடாபுட்டி கதவோரம் நின்றாள். தம்பி பெண்டாட்டி தலை நிமிர்ந்ததும் அவளைக் கையைப் பிடித்து இழுத்து, அந்த நீர் ஊறி வெளிறிய விரல்களைத் தன் சேலையில் துடைத்தாள்.

"அந்த ஓட்டல்காரன்கிட்ட என்னைக் காட்டு. பாத்திரத்த இனி நான் கழுவுறேன். நீ படுத்துத் தூங்கு."

பிறகு வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். அதுவும் ஓய்ந்தது.

"வீம்பு" என்றேன். "எங்கப்பன் புத்தி."

விடாமல் அடித்தாள். கடைசியில் எடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது.

"என்னங்க..."

"சொல்லிடு."

"என்னத்த?"

"நிக்காம அடிச்சா என்னான்னு எனக்குத் தெரியாதா..." அவன் பல் கிட்டிப் பேசுவது எனக்கே கேட்டது. "முதல் தடவை அடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. எடுத்தா நெசமாயிடும்னு... கையே வரல..."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவ இருக்காங்க. கால் உடைஞ்சு கிடக்கா. உசுரு இருக்கு."

எங்கள் அப்பன் செத்தபோதும் அவன் அப்படி அழுததில்லை.

"வந்துடுங்க... ரெண்டு பேரும் வந்துடுங்க. பை தைச்சதுக்கு நான் பேசினதெல்லாம்..."

"அத நேர்ல சொல்லுங்க, கேக்குறேன். அவ நடக்குறப்ப சேந்து வர்றோம். பால் வச்சா அடுப்ப அணைங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எனக்கு அங்கே வேலை இல்லை. மறுநாள் கிளம்பிவிட்டேன். சோடாபுட்டி வாசல்வரை வந்தாள். முந்தைய நாள் நான் பேசியதை மனதில் வைத்த மாதிரி தெரியவில்லை. அதனாலேயே எனக்கு அவள் இன்னும் பிடிபடவில்லை.

"பெரியப்பா, ஊர் போய்ச் சேந்ததும் ஒரு மணி அடிச்சுடுங்க."

"அடிக்க மாட்டேன். எடுத்தா பேசுவேன்."

"சரி பெரியப்பா" என்று சிரித்தாள்.

ஊர் ஊராகச் சுற்றினால்தான் உலகம் தெரியுமாம். பாறையில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டுதான் தெரிய வேண்டுமா. பஸ் நிலையத்துக்கு மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் ஒரு மணி அடித்தது. நின்றது.

வாண்டு அடித்தாளா, அம்மாக்காரி அடித்தாளா, அந்தக் கண்ணாடிக்காரி அடித்தாளா. யார் கண்டது. நான் திருப்பி அடித்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. ஒருத்தியும் எடுக்கவில்லை.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.