தையல்காரர் அழைக்கிறார்

பீரோவின் உள்லாக்கர் திறந்து கிடந்தது. அதன் முன்னால் மாமியார் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நகைப்பெட்டியாகத் திறந்து பார்த்து, மூடி, மறுபடியும் திறந்துகொண்டிருந்தாள்.

"காணோம்... ரெண்டையும் காணோம்!"

நகை தொலைந்திருந்தால்கூட அந்தக் குரல் அவ்வளவு உயர்ந்திருக்காது. தொலைந்தவை கிரெடிட் கார்டுகள். மூத்த மகன் பெயரில் வாங்கிய இரண்டு கார்டுகளுக்கும் அந்த வீட்டில் தங்கத்துக்கு உண்டான மரியாதை. வேண்டியவர் மாமியாரிடம் கேட்டு வாங்கிப் போக வேண்டும், வேலை முடிந்ததும் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். பூட்டி வைத்த பொருளுக்கு என்ன ஆகிவிடும் என்பது மாமியாரின் நம்பிக்கை. பூட்டிய லாக்கருக்குள்ளேயே வட்டி குட்டி போட்டுக்கொண்டிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"பத்து மணிக்கு லோன்காரர் வர்றார். கார்டு ரெண்டையும் எடுத்து வைக்கச் சொன்னார். இப்ப போய்க் காணோம்னா...?" மாமியாரின் பார்வை சமையலறை வாசலில் வந்து நின்றது. "சாவி இருக்கற இடம் இந்த வீட்ல யார் யாருக்குத் தெரியும்?"

காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த பெரிய மருமகள் நிமிரவில்லை. அந்தக் கேள்வி யாருக்கானது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் மேடைமேல் நடுங்கியது. திரையில் 'தையல்காரர்' என்று வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மாடிப்படி ஏறிவிட்டாள்.

"பாத்தீங்களா அத்தை?" கூடத்தில் சின்ன மருமகளின் குரல் மாடிவரை கேட்டது. வீட்டின் முன்னறையிலேயே அழகு நிலையம் வைத்திருப்பவள் அவள். புருவம் திருத்துகிற நூலைவிடக் கூர்மையான நாக்கு. "எந்த ஊர்ல தையல்காரர் விடியறதுக்குள்ள போன் பண்ணுவார்? அக்கா புதுத் துணி தைச்சே வருஷக் கணக்காச்சு!"

மாடியில் துணிக்கொடிக்குப் பின்னால் நின்று பெரிய மருமகள் தணிந்த குரலில் பேசினாள். "சொன்ன தேதிக்குக் கட்டிடுவேன் தம்பி. சம்பளம் வரட்டும்... ஆமா, முழுசா. மினிமம் மட்டும் கட்டமாட்டேன், அதுலதானே ஏமாந்தோம்..."

வங்கிக்காகக் கடன் வசூல் செய்கிற பையன் அவன். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாதென்று அவன் எண்ணைத் 'தையல்காரர்' என்று பதிந்து வைத்திருந்தாள். முதல் தடவை பேசியபோது வாய்க்கு வந்தபடி திட்டினான். அவள் அழவும் இல்லை, இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. "திட்டி முடிச்சிட்டியாப்பா? இப்ப கணக்கைச் சொல்லு" என்றாள். அன்றிலிருந்து அவளை அக்கா என்கிறான்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். பிரேமுக்கு ஏற்ப லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருக்கும்போது போனை எடுக்க முடியாதென்று, வங்கியில் அவளுடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தான். மொத்தப் பாக்கியும், குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகையும் மாதாமாதம் செய்தியாக வரும். "அதுல ரெண்டு நம்பர் இருக்கும். சின்ன நம்பரைச் சொல்லு போதும், பெரிசைப் பாத்தா பயம் வரும்!" என்று சிரிப்பான். ஒரு மாதமும் தவறாமல் அந்தச் சின்னத் தொகையைக் கட்டிவிட்டு, ஒழுங்காகக் கடன் அடைப்பதாக நிம்மதியாகத் தூங்கினான். அவளும்தான்.

போன வருஷம் ஒரு நாள், ஒருவருக்குச் செய்த வாசிப்புக் கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கைக்குக் கிடைத்ததைப் படித்தாள். கிடைத்தது தன் போனில் வந்திருந்த வங்கிச் செய்தி. அன்றுதான் பெரிய எண்ணைப் பார்த்தாள். அது தேய்ந்திருக்க வேண்டும். வளர்ந்திருந்தது. போதாததற்கு, யாருமே வாங்காத ஏதோ ஒன்றுக்குப் பெருந்தொகை ஒன்றும் ஏறியிருந்தது. கடையின் பெயர் மட்டும் தெரிந்த பெயர். கொழுந்தன், சின்ன மருமகளின் கணவன், வேலை பார்க்கிற மரச்சாமான் கடை.

வீட்டில் அவனுக்கு ஷோரூம் என்றே பெயர். பெற்ற தாயே, "ஷோரூம் சாப்பிட்டானா?" என்றுதான் கேட்பாள். அன்று அந்த ஷோரூம் அவள் காலில் விழுந்து அழுதான். "அண்ணி... அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க! விஷயம் வெளியில போனா என் வேலை போயிடும். உங்களை என் அம்மா ஸ்தானத்துல வச்சுக் கேக்கறேன்..."

அவள் வாக்குக் கொடுத்தாள். மறுவாரமே வளையல்களை விற்றாள், கவரிங்கை மாட்டிக்கொண்டாள். வட்டி கொழுத்த கார்டை முதலில் தீர்த்தாள். அந்தப் பெருந்தொகை ஏறியதில் இரண்டாவது கார்டின் சின்ன எண்ணும் கைக்கு எட்டாமல் போய், வசூல் போன்கள் தொடங்கின; அந்தப் பாக்கியைத் தவணையாகப் பேசி முடித்தாள். போன வாரம் லாக்கரிலிருந்து இரண்டு கார்டுகளையும் எடுத்துப் போய், கடையில் பிரேம் வெட்டுகிற குறடால் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டாள்.

சொன்ன வாக்கை அவள் காப்பாற்றினாள். அதற்கு விலையாக வீடு அவளை வேவு பார்க்கத் தொடங்கியது.

கீழே இறங்கியபோது கணவன் படியடியில் நின்றிருந்தான். வேலை உடை, கையில் கருவிப் பை. ஆனால் கிளம்புகிற முகமாக இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கையில கிடக்கறது கவரிங்குன்னு அம்மா சொல்றாங்க. நிஜமா?"

"நிஜம்தான்."

"அப்ப தங்கம் எங்க?"

"போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கு."

"உன் தம்பி கடை வச்சானே, அங்கயா?" அவன் குரல் தாழ்ந்தது. "இல்ல... அந்தத் தையல்காரன்கிட்டயா?"

அவள் பிடித்திருந்த கைப்பிடிச் சுவர் சில்லென்றிருந்தது. மாமியார் கேட்டால் பொறுக்கலாம், ஓரகத்தி கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். இவன் கேட்கிறானே...!

"உங்க வாயாலயே கேட்டுட்டீங்க இல்ல?" என்றாள். "போதும்ங்க."

பத்து மணிக்கு வீட்டுக் கடன் நிறுவனத்தின் ஆள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் கோப்பு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வீட்டுக் கடனின் மேல் இன்னொரு கடன். வீடு மாமியாரின் பெயரில் இருப்பதால் கையெழுத்து அவளுடையது. ஏற்பாடு ஷோரூமினுடையது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பக்கங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"கார்டு வட்டியைவிட வீட்டு மேல வர்ற வட்டி ரொம்பக் கம்மிம்மா. எல்லாத்தையும் ஒரே அடியில மூடிடலாம். மிச்சம் வர்றதுல நான் சொந்தமா ஒரு கடை போடறேன். ஒரே வருஷத்துல உன்னைக் கார்ல கூட்டிட்டுப் போறேன், பாரு!"

வட்டி கம்மி என்பது பொய்யில்லை. பெரிய மருமகள் வங்கியில் போய் அசட்டுக் கேள்விகளாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அது. ஆனால் விண்ணப்பத்தில் எழுதியிருந்த தொகை கார்டு பாக்கியைப் போல மூன்று மடங்கு.

மாமியார் பேனாவைத் திறந்தாள். கவரிங் வளையல் கிடந்த கை ஒன்று வந்து தாளை மூடியது.

"வேண்டாம் அத்தை."

முன்னறையில் பாதிப் புருவத்தோடு ஒரு வாடிக்கைக்காரியை விட்டுவிட்டுச் சின்ன மருமகளும் ஓடிவந்தாள்.

"கையை எடுடி," என்றாள் மாமியார்.

"கார்டுக் கடனைக் கட்டலைன்னா போன் பண்ணித் திட்டுவாங்க அத்தை. வீட்டுக் கடனைக் கட்டலைன்னா நேர்ல வந்து பூட்டுவாங்க. திட்டு வாங்கிட்டு இருக்கலாம், வீதியில இருக்க முடியாது."

"ஓ, உனக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியாதாக்கும்!" மாமியாரின் கண்களில் நீர் தளும்பியது. அது கோபத்தின் நீர். "இந்த வீட்டுக்கு மருமகளா வந்த நாள்லேர்ந்து உன்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? இன்னைக்குக் கேக்கறேன். என் பீரோவுல இருந்த கார்டு எங்க?"

"நான்தான் எடுத்தேன். வெட்டிப் போட்டுட்டேன்."

"வெட்டிட்டியா? ஐயோ...! வளையல் எங்க? விடியக்காலைல மொட்டை மாடிக்கு ஓடி ஓடிப் பேசறியே, யாரு அவன்? அதைச் சொல்லிட்டு எனக்குப் புத்தி சொல்லு!"

பெரிய மருமகள் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் கோப்பின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அவன் நிமிரவே இல்லை.

அவள் கணவனிடம் திரும்பினாள். "ஏங்க, லிஃப்ட்ல ஆள் அதிகமாகி பஸ்ஸர் அடிக்குது. என்ன பண்ணுவீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்களேன்."

"ஒருத்தர் இறங்கணும். வேற வழி?"

"இங்க பஸ்ஸர் அடிச்சு ரொம்ப நாளாச்சு. இறங்க வேண்டியவங்க இறங்காம, இன்னும் ஆள் ஏத்தறதுக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க."

அப்போது மேசைமேல் போன் நடுங்கியது. தையல்காரர்.

அவள் எட்டுவதற்குள் சின்ன மருமகள் பாய்ந்து எடுத்துவிட்டாள். "இன்னைக்குத் தெரிஞ்சிரும்!" என்று ஸ்பீக்கரை அழுத்தி, மேசைமேல் வைத்தாள்.

"அக்கா," என்றது ஒரு இளைஞனின் குரல். பின்னணியில் இன்னும் பல குரல்கள், பல போன்கள். "கோவிச்சுக்காதீங்கக்கா, மறுபடி பண்றேன். மேலிடத்துல பேசிட்டேன். அபராத வட்டியைத் தள்ளுபடி பண்ணச் சம்மதிச்சுட்டாங்க. நீங்க வளையலை வித்துக் கட்டினது நல்லதாப் போச்சு, ஒரு கார்டு சுத்தமா முடிஞ்சுது. இப்ப நிக்கறது அந்த சோபா செட் பாக்கி மட்டும்தான்... அக்கா? கேக்குதா?"

பெரிய மருமகள் கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தாள்.

"சோபாவா?" என்றான் கணவன். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். மடக்கு நாற்காலிகள், பின்னல் தளர்ந்த அம்மாவின் பிளாஸ்டிக் வயர் நாற்காலி, லோன்காரர் உட்கார்ந்திருந்த ஸ்டூல். "நம்ம வீட்ல சோபாவே இல்லையே!"

கோப்பைச் சுரண்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"நான்தான்..." என்றான் ஷோரூம். குரல் உடைந்திருந்தது. "நான்தான் இறங்கணும் அண்ணா."

"என்னடா சொல்றே?"

"மாசக் கடைசியில விற்பனை டார்கெட் குறைஞ்சா, உன் கார்டைத் தேய்ச்சு பில் போட்டுட்டு, அடுத்த மாசம் கேன்சல் பண்ணிடுவேன். கடையில எல்லாரும் பண்றதுதான்... ஒரு தடவை கேன்சல் பண்றதுக்குள்ள மேனேஜர் மாறிட்டார். புது ஆள் முடியாதுன்னுட்டார். சோபாவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன், அந்தக் காசும் கையில நிக்கல. அண்ணி கண்டுபிடிச்சப்ப கால்ல விழுந்து சத்தியம் வாங்கினேன். அவங்க காப்பாத்திட்டாங்க. நான்... நீங்கல்லாம் அவங்களைக் கண்டபடி பேசறப்ப வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்!"

சின்ன மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மாசக் கடைசியில..." மாமியார் தனக்குள் முணுமுணுத்தாள். "'ரெண்டு நாளைக்குக் குடும்மா'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போவியே... நானே லாக்கரைத் திறந்து எடுத்துக் குடுத்தேனே! இவகிட்டேர்ந்து பூட்டி வச்சேன், உன் கையில எடுத்துக் குடுத்தேன்!"

லோன்காரர் கோப்பை மூடினார். இது போன்ற வீடுகளை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். "நீங்க பேசி முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க," என்று காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்.

கணவன் மனைவியின் எதிரில் வந்து நின்றான். கிரீஸ் ஏறிய விரல்களால் அவள் மணிக்கட்டைத் தொட வந்தவன் தொடாமல் நிறுத்திக்கொண்டான்.

"காலைல நான் கேட்ட கேள்வி..."

"அதைத் திருப்பி எடுத்துக்க முடியாதுங்க," என்றாள் அவள். அதுவரை அழாதவளின் கண்கள் அப்போதுதான் நிறைந்தன. "வளையலை வித்தது வலிக்கல. நீங்க கேட்டது வலிச்சுது."

அவன் தலைகுனிந்து நின்றான். "எந்த நம்பரையும் பாக்காம இருந்தது நான். பழியைச் சுமந்தது நீ."

"இனிமே பெரிய நம்பரைப் பாருங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்." பிறகு கொழுந்தனிடம் சொன்னாள்: "பாக்கி உன் கமிஷன்லேர்ந்து மாசாமாசம் வரணும். சொந்தக் கடையெல்லாம் அதுக்கப்புறம்."

"என் பார்லர் பணத்தையும் சேத்துக்கங்க அக்கா," என்றாள் சின்ன மருமகள், சுவரைப் பார்த்தபடி. "தையல்காரர்னு நான் பேசினதெல்லாம்..."

"புருவத்தை முடிச்சு அனுப்பு போ. பாவம், ஒரு பக்கத்தோட உக்காந்திருக்கா அந்தப் பொண்ணு."

மேசைமேல் போன் மறுபடி நடுங்கியது. தையல்காரர். எல்லாருடைய கண்களும் பெரிய மருமகளிடம் போயின. அவள் கை நீட்டுமுன் மாமியார் எழுந்து வந்து போனை எடுத்தாள். திருப்பிப் பிடித்து, மறுபடி சரியாகப் பிடித்து, காதில் வைத்தாள்.

"நான் அவளோட மாமியார் பேசறேன்பா... ஆமா. அக்கா இங்கதான் இருக்கா. இனிமே அவளுக்குப் போன் பண்ணாதே. திட்டறதா இருந்தா என்னைத் திட்டு. பாக்கி கேக்கறதா இருந்தா என்னைக் கேளு. என் நம்பரை எழுதிக்கோ."

சொல்லிவிட்டு நின்றாள். உதடுகள் அசைந்தன, எண் வரவில்லை. போனை நெஞ்சோடு அணைத்து மூடிக்கொண்டு மருமகளைப் பார்த்தாள். கண்ணிலிருந்து வழிந்தது கன்னம்வரை வந்துவிட்டிருந்தது.

"ஏண்டி பெரியவளே... என் நம்பர் என்ன?"

பெரிய மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து அதுவரை அடக்கியிருந்த எல்லாமும் வந்தன. அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். மாமியார் அவளுடைய கவரிங் வளையல் கையை இறுகப் பற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் போனுக்குள் உரக்கத் திருப்பிச் சொன்னாள்.