எட்டாம் நாள் பவுடர்

"கை வைக்காதீங்க!"

மழைக்குத் தப்பிக் காரோடு பட்டறைக்குள் நுழைந்தவன் திடுக்கிட்டான். ஈரக் கதவைத் துடைக்கப் போன அழுக்குத் துணி பாதியிலேயே நின்றது.

குரல் கொடுத்த பட்டறைக்காரி குனிந்து அந்தப் பழைய காரின் கதவு உட்புறத் தோலை முகர்ந்தாள். நிமிர்ந்தாள். பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகின. போச்சுடா என்றது அவன் மனசு. காரைச் சொன்னதா, தன்னைச் சொன்னதா... அவனுக்கே தெரியவில்லை.

"இதுல யாரு சமையல் எண்ணெய் தேய்ச்சது?"

"பழைய மெக்கானிக்கா இருக்கும்ங்க..." கூசாமல் ஒரு பொய். "இதப் பிடுங்கிட்டுப் புதுசு போட்டுடுங்க. இது அப்பா காரு. ரெண்டு வாரத்துல கண் ஆபரேஷன் முடிஞ்சு வந்துடுவாரு."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பல் டாக்டர்."

"அதான்! எதுக்கெடுத்தாலும் பிடுங்கணும்."

தோலில் கையால் அழுத்தி எழுப்பிய கொடியும் இலைகளும் எண்ணெயில் கறுத்துக் கிடந்தன. அவள் அதையே பார்த்தாள்.

"நான் பிடுங்க மாட்டேன். காப்பாத்திக் காட்டறேன். ஆனா உண்மையச் சொல்லுங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை அதே கார், அதே ஆள்... வீராப்பு மட்டும் இல்லை.

"நான்தாங்க தேய்ச்சேன். பளபளன்னு ஆகும்னு நெனச்சேன்." குரல் உடைந்தது. "ஏறினதும் அப்பா இந்தக் கொடியத்தான் தடவிப் பாப்பாரு. இத நானே கெடுத்துட்டேன்."

அவள் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"வெள்ளைக் களிமண் பவுடர அப்பி வச்சா எண்ணெய உறிஞ்சும். தினமும் சாயங்காலம் வந்து நீங்களே தட்டிட்டுப் புதுசா அப்பணும். தண்டனை!"

முதல் நாள் பவுடர் மஞ்சளாக உதிர்ந்தது. மறுநாளும் அப்படித்தான். அவள் விடுவதாக இல்லை, அவனும் ஒரு நாள் தவறவில்லை. ஒவ்வொரு இலையாக வெளியே வந்தது.

பதின்மூன்றாம் நாள் அவன் கொடியைத் தடவினான். மெத்தென்றிருந்தது. "நாளைக்கு அப்பா வர்றாரு..."

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்லணும். எண்ணெய் ஏழாம் நாளே போயிடுச்சு. அப்புறம் நான் சும்மாதான் வரவச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"எட்டாம் நாள்லேர்ந்து பவுடர் வெள்ளையாவே உதிர்ந்துச்சே!"

"அப்ப... எதுக்கு வந்தீங்க?"

"இந்தத் தடவ பொய் சொல்ல மாட்டேன். உங்களப் பாக்கத்தான். உங்கள எனக்குப் பிடிச்சிருக்குங்க..."

வெளியே மழை. உள்ளே அவள் முகம் சிவந்து போனது. கதவைத் திறந்து, காருக்குள் ஏறி உட்கார்ந்தே விட்டாள்.

"நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வர நானும் வர்றேன். எண்ணெய் தேய்ச்சது யாருன்னு அவர்கிட்ட நான்தான் சொல்லணும்."

"ஐயோ, அது எதுக்குங்க?"

"அங்கேர்ந்து ஆரம்பிச்சாதானே... எனக்கும் உங்களப் பிடிச்சிருக்குன்னு முடிக்க முடியும்!"